மூன்று ஊர் பீட்சா

“நேப்பிள்ஸ்ல ரெண்டு நாள் பத்தாதும்மா. நாலு நாள் போடுங்க,” என்றார் நல்லுசாமி.

அனுபமா கம்ப்யூட்டரில் இரண்டை அழித்துவிட்டு நான்கு என்று அடித்தாள். தில்லைநகரில் இருந்த அந்த டிராவல்ஸில் அவள் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. தினமும் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்து காசிக்கும் கயாவுக்கும் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தவளுக்கு, இத்தாலி என்ற பேச்சே இன்றுதான் வாய்த்தது.

அதுவும் ஊர் பார்க்க இல்லை, பீட்சா சாப்பிட. தொட்டியத்தில் வாழை போட்டிருக்கிற மனிதர் மனைவி ராசாத்தியோடு வந்து உட்கார்ந்து, அங்கே ஊருக்கு ஊர் பீட்சா மாறுமாமே, அதைப் பார்க்கிற மாதிரி ஒரு டூர் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டபோது அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. கொஞ்ச நேரத்தில் அவர்களைப் பிடித்துப்போயிற்று. வெயிலில் நின்றே காலத்தைக் கழித்தவர்களுக்கு இப்படி ஓர் ஆசை வரக்கூடாதா என்ன?

அவர் நீட்டிய தாளில் நேப்பிள்ஸ், ரோம், பலேர்மோ என்று மூன்று ஊர், ஊருக்கு ஒரு கடை. அனுபமா நெட்டில் தேடித் தேடி விளக்கினாள். நேப்பிள்ஸில் ஓரமெல்லாம் கருகி நடுவில் தளதளவென்று இருக்கும். ரோமில் பெரிய தட்டில் சுட்டு, கேட்கிற அளவுக்கு வெட்டி எடை போட்டுத் தருவார்கள். பலேர்மோவில் தடிமனாக, பஞ்சு மாதிரி, மேலே ரொட்டித்தூள் தூவி வரும்.

நல்லுசாமி தலையாட்டிக்கொண்டே இருந்தார். ருசியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“கடைக்குப் பின்னாடி, அடுப்படிக்குள்ள விடுவாங்களா? அங்க வேலை செய்றவங்ககிட்ட நாலு வார்த்தை பேசலாமா?”

தாராளமாகப் பேசலாம், மாவு பிசையக்கூடச் சொல்லித் தருவார்கள் என்றாள். உள்ளூர் ஆள் ஒருவர் கூடவே வந்து, சந்தை, கடைத்தெரு எல்லாம் சுற்றிக்காட்டி வாங்கிக் கொடுக்கிற புட் டூரையும் சேர்த்தாள். பலேர்மோவில் இந்தக் கடைக்கு அவ்வளவு நல்ல பெயர் இல்லை, வேறு கடை பார்க்கலாமே என்று சொல்லிப் பார்த்தாள். அவர் இதே கடைதான் வேண்டும் என்றார். குரல் உயரவில்லை. ஆனால் அதற்கு மேல் பேச இடமும் வைக்கவில்லை.

ராசாத்தி வாயே திறக்கவில்லை. அனுபமா படங்களைத் திருப்பிக் காட்டியபோது மட்டும் நாற்காலி நுனிக்கு வந்து ஒவ்வொன்றையும் உற்றுப் பார்த்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. விடியற்காலையிலேயே பஸ் ஏறியிருப்பார்கள், தூக்கம் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள் அனுபமா.

திரும்பி வருகிற தேதி ஒன்றுதான் பாக்கி. அதை அப்புறம் சொல்வதாகச் சொன்ன நல்லுசாமி, “முதலாளி வந்து ஒரு வார்த்தை பேசினார்னா இன்னைக்கே முடிவு பண்ணிடலாம்மா,” என்றார்.

முதலாளி பீமராவை லேசில் பார்த்துவிட முடியாது. சேர்ந்த அன்றே அவளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். டூர் என்று வந்தால் உள்ளே தகவல் சொல்ல வேண்டும். வேறு எதற்காக யார் வந்து கேட்டாலும் சார் சென்னைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவிட வேண்டும். இது டூர்தானே என்று அனுபமா போனை எடுத்தாள்.

கண்ணாடி அறையிலிருந்து பீமராவ் உடனே வந்துவிட்டார். கும்பிட்டார், காபி சொன்னார், அனுபமாவை எழுப்பிவிட்டு அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்தார். திருச்சியிலிருந்து பீட்சாவுக்காக இத்தாலி போகிற முதல் ஆள் நீங்கள்தான் என்று சிரித்தார்.

ராசாத்தி எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றுகொண்டாள். ஏசி வீணாகிறதே என்று சாத்துகிறாள் என்றுதான் அனுபமாவுக்குத் தோன்றியது.

பீமராவ் திரையில் இருந்ததைப் படித்தார். “எல்லாம் சந்துக்குள்ள இருக்கிற கடையாச்சே. எங்க கைடுக்கே தெரியாது. யாரு சொன்னா உங்களுக்கு?”

நல்லுசாமி மனைவியைப் பார்த்தார்.

“எங்க பையன் சொன்னான்,” என்றாள் ராசாத்தி. “சமையல் வேலைன்னு சொல்லி நீங்கதான் அனுப்பி வச்சீங்க. பேரு பூவரசன்.”

பீமராவின் சிரிப்பு அப்படியே நின்றது. எழுந்திருக்கப் பார்த்தவர், அவள் கதவில் சாய்ந்து நிற்பதைப் பார்த்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்தார்.

ஒன்பது மாதமாக அவனிடமிருந்து போன் இல்லை என்று நல்லுசாமி நிதானமாகச் சொன்னார். எத்தனையோ தடவை இங்கே வந்தோம், ஒரு தடவைகூட உங்களைப் பார்க்க விடவில்லை. அவன் மாறி மாறி வேலை செய்த கடை மூன்றும் எங்களுக்குத் தெரியும், எந்தக் கடையில் தொலைந்தான் என்பதுதான் தெரியவில்லை. அனுபமா சுவரோடு ஒட்டி நின்றாள். இவ்வளவு நேரமும் தான் போட்டுக் கொடுத்தது என்னவென்று அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

“உங்க மேல கேஸ், வழக்குன்னு எதுவும் வேணாங்க,” என்றாள் ராசாத்தி. “எந்த ஊர்ல இருக்கான்னு மட்டும் சொல்லுங்க. நாங்க போய்க் கூட்டிக்கிட்டு வந்துடறோம்.”

பீமராவ் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து காபி வந்து, யாரும் தொடாமல் ஆடை கட்டியது. கடைசியில் தலை நிமிராமலே சொன்னார்.

“பலேர்மோவுலதாம்மா அடக்கம் பண்ணியிருக்கு.”