சுண்டுவிரல்

“தோளைத் தொடாதீங்கம்மா. உயிர் போகுது.”

பாசமாய்த் தட்டிக்கொடுக்க வந்த தையல்காரம்மா வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். கயிறண்ணன் தோளைப் பிடித்தபடி மடக்கு நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். நாடகத் திரையை ஏற்றி இறக்கிய ஆள் என்பதால் அந்தப் பெயர்.

“வலிக்காதா பின்னே? எத்தனை வருஷம் கயிறு இழுத்த தோளு,” என்றார் தபால்காரர்.

கயிற்றை விட்டு மூன்று வருஷம் ஆகிறது. வலி மட்டும் விடவில்லை போலும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

‘படகுக்காரி’ அவர்கள் அம்மா அப்பா காலத்து இசை நாடகம். குழு கலைந்து, திரைச்சீலையை எலி தின்று, பாட்டுகள் மட்டும் தொட்டில்களின் பக்கத்தில் உயிரோடு கிடந்தன. நான்கு வருஷத்துக்கு முன் ஒரு புதுக் குழு அந்த நாடகத்தைத் தூசி தட்டி மறுபடி மேடையேற்றியது. படகுக்காரியாகப் பாடி நடித்தவள் கயிறண்ணன் மனைவி. ஒரு வருஷம் அரங்கு நிறைந்து ஓடியது. அது முடிந்த தேதியில் ஆண்டுதோறும் ரசிகர்கள் இந்தப் பழைய ஒப்பனை அறையில் கூடிப் பேசுவார்கள். கேட்பதற்காகவே கயிறண்ணன் வந்துவிடுவார்.

தையல்காரம்மா வழக்கம்போல் தன் தாயைப் பற்றிச் சொன்னாள். பெற்ற மகளின் பெயரே மறந்துபோன கிழவி, அரங்கின் இருட்டில் ஒரு வரி பிசகாமல் கூடவே பாடினாளாம். தபால்காரர் ஒத்திகையை ஜன்னல் வழியாகக் கேட்டுவிட்டுப் போய், அந்த மயக்கத்தில் கடிதங்களை வீடு மாற்றிப் போட்டு மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட கதையைச் சொன்னார். பழைய கதைதான். எல்லோரும் புதிதாய்ச் சிரித்தார்கள்.

பேச்சு கடைசி நாளுக்கு வந்தது. எப்போதும் அங்கேதான் வந்து நிற்கும்.

“கடைசிப் பாட்டு முடிஞ்சு அக்கா செத்த மாதிரி படகுல சாயறாங்க. கை வெளியே தொங்குது. திரை விழும்னு பார்த்தா விழல,” என்றார் தபால்காரர். “எவனோ ஒருத்தன் தட்ட ஆரம்பிச்சான். அவ்வளவுதான், அரங்கமே எழுந்து நின்னுடுச்சு. தட்டித் தட்டி உள்ளங்கை செவந்துபோச்சு. அக்கா அசையலையே. என்ன நடிப்பு.”

“திரை எப்போ விழணும்னு அக்காதானே சொல்லுவாங்க? சொல்லுங்கண்ணே அதை,” என்று இன்னொருவர் தூண்டினார்.

கயிறண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார். முன்பு ஒருநாள் அவசரப்பட்டுத் திரையை இறக்கிவிட்டதையும், என் சாவைப் பாதியில் வெட்டிவிட்டாயே என்று அவள் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசாததையும் சொன்னார்.

“அப்புறந்தான் அந்த ஏற்பாடு. தொங்கற கையில சுண்டுவிரல் அசைஞ்சா கயித்தை விடணும். அசையற வரைக்கும் விடக் கூடாது. கூரையே இடிஞ்சு விழுந்தாலும் சரி.”

“அப்போ அன்னைக்கு வேணும்னேதான் அசைக்கல,” என்றாள் தையல்காரம்மா. “கைதட்டைக் காது நிறைய வாங்கிட்டுப் போகணும்னு ஆசை. கள்ளி.”

அறை சிரித்தது. கயிறண்ணனும் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு அடங்குமுன் விஷயத்துக்கு வந்தார்கள். அடுத்த மாதம் நாடகத்துக்குப் பாராட்டு விழா. அக்கா வந்தே ஆக வேண்டும். பாட வேண்டாம், முகத்தைக் காட்டினால் போதும். இவர் தயங்கினால் இப்போதே வீட்டுக்கு வந்து அவளிடமே கேட்கத் தயார்.

“வர மாட்டா. நீங்களும் வர வேண்டாம்.”

“இது அக்கா சொல்றதா, நீங்க சொல்றதா?”

கைதட்டு பெண்டாட்டிக்கு, கயிறு தனக்கு என்று அந்தக் காலத்திலேயே இவருக்கு மனத்தாங்கல்தான் என்று பின்னால் யாரோ முணுமுணுத்தது அவர் காதில் விழுந்தது. மூன்று வருஷமாய் மறைத்துவைத்த ஒரே ஒரு வாக்கியத்தைச் சொன்னால் எல்லா வாயும் அடைத்துவிடும். ஆனால் இந்த அறையில் அவள் இன்னும் பாடிக்கொண்டிருந்தாள். அதை நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை. போய்ச் சமைக்க வேண்டும் என்று எழுந்தார்.

“மேடையில படகு தள்ளினவங்க வீட்டுல கரண்டி கூடப் பிடிக்க மாட்டாங்களா?” தையல்காரம்மா குத்தலாய்த்தான் கேட்டாள். ஆனாலும் கண் கலங்கியிருந்தது. பையிலிருந்து படகுக்காரியின் நீல அங்கியை எடுத்தாள். எந்த இடத்தில் எந்த நிற ஒட்டு என்று நினைவிலிருந்தே தைத்தது. “இதையாவது குடுத்துடுங்க. உடம்பு அன்னைக்கு இருந்த மாதிரிதானே?”

“கொஞ்சம் இளைச்சிருக்கா,” என்றார்.

வீட்டில் காவலிருந்த பக்கத்து வீட்டுப் பெண், அவரைக் கண்டதும் கிளம்பினாள். கயிறண்ணன் வலிக்கிற தோளைக் கட்டிலில் கிடந்தவளின் அக்குளுக்குக் கீழே கொடுத்து, மூன்று வருஷமாய் இரவும் பகலும் செய்வதுபோல், முதுகு புண்ணாகாமல் புரட்டிப் படுக்கவைத்தார். அங்கியை மேலே போர்த்தினார். “எல்லாரும் உன்னைக் கேட்டாங்க,” என்றார். கண்கள் மட்டும் அவரைப் பார்த்தன. கட்டில் விளிம்பில் கை தொங்கியது. அன்றைக்கு அவள் தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்து, அரங்கமே எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருக்க, கயிற்றைப் பிடித்தபடி அசையட்டும் என்று அவர் பார்த்துக்கொண்டே நின்ற அதே சுண்டுவிரலை, எதிரே உட்கார்ந்து பார்த்தார்.

அது இன்னும் அசையவில்லை. நேரத்தோடு இறக்கியிருக்க வேண்டிய ஒரு திரை, அவளுக்கு அவர் இன்னும் பாக்கி வைத்திருந்தார்.