போல்ட்டைக் கழற்றியவர்

“எவனோ கூடவே இருந்து குழி பறிக்கிறான்! சம்பளம் குடுக்கறவன் கார்லயே கை வைக்கிறான்!”

துணிக்கடை முதலாளி கத்திக்கொண்டேதான் மெக்கானிக் ஷெட்டுக்குள் நுழைந்தார்.

காரை ஸ்டார்ட் செய்தால் ‘உர்ர்ர்’ என்று ஒரு சத்தம். தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி உறுமிவிட்டு, வண்டி கொஞ்ச தூரம் போனதும் அடங்கிவிடும்.

மெக்கானிக் காருக்கு அடியில் படுத்து எதையோ தட்டினார். தகரம் அதிர்ந்தது.

“அதே கதைதான் சார். சூடு மேல ஏறாம இருக்க, சைலன்சர் பைப்புக்கு மேல ஒரு தகடு இருக்கும். அதோட போல்ட்டு மறுபடி லூஸ்.”

“போன வாரம்தானே டைட் பண்ணே?”

“அதுக்கு முந்தின வாரமும்தான் பண்ணேன்.”

“அப்போ உனக்கு டைட் பண்ணத் தெரியல. இல்லேன்னா நீயே லூஸா விட்டு என்கிட்ட கறக்கற!”

மெக்கானிக் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

“நீங்க பேரம் பேசிக் குடுக்கற கூலிக்கு, தப்பு பண்ணா எனக்குத்தான் சார் நஷ்டம். யாரோ ஸ்பேனர் பிடிக்கத் தெரியாத ஆள் கழட்டியிருக்காங்க. போல்ட்டு தலையெல்லாம் கீறல். ஆனா ஒண்ணு, தகடு கழண்டு விழக்கூடாது, சத்தம் மட்டும் வரணும்னு பார்த்துப் பார்த்துக் கழட்டியிருக்காங்க. ரொம்பப் பொறுப்பான எதிரி சார் உங்களுக்கு!”

“சிரிக்காதே. வேலையைப் பாரு.”

மெக்கானிக் புது போல்ட் போட்டு, மேலே ஒரு கிளிப்பையும் இறுக்கி மாட்டினார். கார் பூனை மாதிரி கிளம்பியது. முதலாளி கூலியில் பாதியைக் குறைத்துக் கொடுத்துவிட்டு, நேராகக் கடைக்கு வந்தார்.

வேலைக்காரர்கள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். வேறு வழி? மெத்தை நாற்காலி கஸ்டமருக்கு மட்டும்தான்.

“உட்கார்ந்தா தூக்கம் வரும். தூங்கினா வியாபாரம் படுக்கும். நான் நின்னு நின்னே முன்னுக்கு வந்தவன்!” என்பது முதலாளி போட்ட சட்டம். சட்டத்தை யாரும் மீறாமல் இருக்கிறார்களா என்று மாடியறையிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பார், சுழல் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு. அறைக்குக் கறுப்புக் கண்ணாடி. உள்ளேயிருந்து கடை முழுக்கத் தெரியும். கடையிலிருந்து பார்த்தால் உள்ளே ஆள் இருக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியாது.

“கார்ல போல்ட்டைக் கழட்டினது யாரு? நீங்களா சொன்னா மன்னிப்பு. நானா கண்டுபிடிச்சா, அன்னைக்கே சீட்டைக் கிழிச்சிடுவேன்!”

பெட்ஷீட் பிரிவில் நின்ற நிறைமாதக்காரி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு கால் மாற்றி நின்றாள்.

“அதான் சரியாயிடுச்சுல்ல, விடுங்கண்ணே,” என்றாள் கல்லாவில் இருந்த அவர் தங்கை.

“நீ சும்மா இரு. இவங்களுக்கு இடம் குடுத்துக் கெடுக்கறதே நீதான்!”

மதியம் வழக்கம்போல மாடியின் பின்படி வழியாக இறங்கினார். பின்சந்தில் நின்ற காரை எடுத்தார். ஒரு முனகல்கூட இல்லை. ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, குட்டித் தூக்கமும் போட்டுவிட்டு, கடையின் முன்வாசல் வழியாக உள்ளே வந்தார்.

கஸ்டமர் ஒருத்தரும் இல்லை. ஆனாலும் அத்தனை பேரும் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார்கள்.

‘முதலாளி இல்லாதப்பவும் என்ன ஒழுங்கு! எவன் கடையில உண்டு இது?’ என்று நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்.

பெட்ஷீட் பிரிவு வரைக்கும்தான் நிமிர்ந்திருந்தது.

நிறைமாதக்காரி தரையில் கிடந்தாள். தலை தங்கையின் மடியில். செருப்பில் நுழையாத அளவுக்குக் கால் இரண்டும் வீங்கியிருந்தன.

“என்னாச்சு?”

“மயங்கி விழுந்துட்டா. இப்பதான் கண்ணைத் திறந்தா.”

“அறிவு வேண்டாம்? முடியலேன்னா செத்த நேரம் உட்கார வேண்டியதுதானே! நான்தான் கடையிலேயே இல்லையே!”

தங்கை அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள்.

“நீங்க இல்லேன்னு இவங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?”

“கார் எடுத்துட்டுப் போனேனே...”

“சத்தம் வரலையே. தினமும் சந்துல அந்த ‘உர்ர்’ கேட்டாத்தான் துணிக்கட்டு மேல உட்காருவாங்க. இன்னைக்கு அந்தக் கறுப்புக் கண்ணாடியையே பார்த்துக்கிட்டு நின்னாங்க.”

முதலாளி அந்தக் கறுப்புக் கண்ணாடியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். கார் சாவியைத் தங்கையிடம் நீட்டினார்.

“முதல்ல இவளை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ.”

பிறகு எல்லோரையும் பார்த்துத் திரும்பினார். ‘உட்காருங்க’ என்று சொல்லிவிட்டிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தைதான். ஆனால் கத்திப் பழகின வாய் கத்தத்தான் செய்தது.

“சட்டம்னா சட்டம்தான்! நான் இருக்கும்போது ஒருத்தரும் உட்காரக் கூடாது! ஆனா, அந்த போல்ட்டைக் கழட்டின ஆள் யாரா இருந்தாலும் சரி, நாளைக்கு மதியத்துக்குள்ள, மேல மாட்டின கிளிப்பையும் சேர்த்து மறுபடி கழட்டி வெச்சிருக்கணும். இல்லேன்னா வேலை போச்சு!”