நெய்னாரின் பல்செட்

மௌத்தான கணவர் நெய்னாரின் உடலைக் குளிப்பாட்டும்போது கழற்றிய பல்செட்டை முனவ்வரா போட்டுக்கொண்டு திரிந்தாள். பொறுக்க முடியாத மகள், புதுச் செட் செய்யச் சொல்லி அவளைக் கற்பிட்டிப் பல் டொக்டரிடம் இழுத்து வந்தாள்.

நெய்னாருக்குப் பல் கட்டியவரும் டொக்டர் பரீனாதான். அவர் முனவ்வராவின் வெறும் ஈறுகளைத் தடவிப் பார்த்து, அச்செடுத்து, பிளாஸ்டரில் வார்த்தார். அதன்மேல் பழைய செட்டை வைத்தார். விரல் நுழையுமளவு இடைவெளி விட்டு அது ஆடியது.

"பாத்தீங்களா உம்மா? ஒங்களுக்கு இது பெரிசு" என்றார் பரீனா.

முனவ்வரா அதை எடுத்து வாயில் போட்டாள். பரீனா இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

"வாழ்நாள் பூரா என்னைய ஏசின பல்லு, டொக்டர். இனி நான் சொல்றதத்தான் கதைக்கோணும்."

அவள் வாயை மூடினாள். தாடை அசையாமலே உள்ளே பற்கள் நறநறத்தன.

"சும்மா இரிங்க" என்றாள் முனவ்வரா.

சத்தம் நின்றது.