வேணி கேட்ட பூ

"பொம்பளப் புள்ள நடுராத்திரியில ரயில் ஓட்டுறதா? நான் இருக்கற வரைக்கும் நடக்காது."

பெரியப்பா அழகிரி சொல்லிவிட்டார். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் இஞ்சின் பார்த்தே தலை நரைத்தவர். ரஞ்சனியின் அப்பா போனதிலிருந்து அந்தத் திருவானைக்காவல் வீட்டில் எதுவானாலும் அவர் தலையாட்டினால்தான் உண்டு.

ரஞ்சனிக்கு வேலைக்கு ஆர்டர் வந்துவிட்டது. அசிஸ்டென்ட் லோகோ பைலட். திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும்.

"பரீட்சை எழுதறப்ப சும்மா இருந்தீங்களே பெரியப்பா?"

"நீ பாஸாவேன்னு யாரு கண்டா? பாரும்மா, நான் பார்த்த வேலை அது. வண்டி நடுக்காட்டுல நின்னா இருட்டுல இறங்கிப் போய்ப் பார்க்கணும். அடிபட்டு வந்தவங்களை எல்லாம் நான் பார்த்திருக்கேன். வேணாம்."

ரஞ்சனி அம்மாவைப் பார்த்தாள். பெற்றவள் இப்போதாவது ஒரு வார்த்தை பேச வேண்டாமா?

அம்மா வேணி பேசினாள்.

"மாமா, நீங்களும் சொல்ல வேணாம், நானும் சொல்ல வேணாம். அம்மன்கிட்ட பூ கேட்டுருவோம். வெள்ளை வந்தா போகட்டும். சிவப்பு வந்தா வீட்டுல இருக்கட்டும்."

ரஞ்சனிக்கு அழுகையே வந்துவிட்டது.

வேணி எப்போதும் இப்படித்தான். மாடி போர்ஷனுக்கு ஆள் வைக்கவும் பூ, பிரிட்ஜ் வாங்கவும் பூ. வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று என்று வாழை இலையில் பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் வைத்து, ஒன்றை எடுத்துப் பிரிப்பாள். வந்த நிறம்தான் தீர்ப்பு. அதற்கு மேல் அப்பீல் கிடையாது. பிரிட்ஜுக்குச் சிவப்பு வந்த புண்ணியத்தில் ரெண்டு கோடைக்குப் பானைத் தண்ணீர்தான்.

"அவ என்கூடப் பேசுறா. உனக்குக் கேக்கலைன்னா நான் என்னடீ பண்றது?" என்று பெருமை வேறு.

"ராப்பகலா கண்ணு முழிச்சுப் படிச்சேனே, அதெல்லாம் ரெண்டு பொட்டலத்துக்காகவாம்மா?"

"வாயை அலம்புடீ. அவளுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சுருச்சு?"

பெரியப்பாவுக்கு மறுப்பில்லை. அவரும் சாமிக்குப் பயந்தவர்தான். ஆனால் விவரமானவர்.

"சரி. பூவை நீ கட்டிக்க. எடுக்கறது நான்."

வெள்ளிக்கிழமை காலை. கொள்ளிடம் போகிற வழியில் இருக்கும் சின்ன மாரியம்மன் கோயிலில் கூட்டமில்லை. பூசாரி பொட்டலங்களை அம்மன் காலடியில் வைத்துக் கற்பூரம் காட்டி, தட்டில் எடுத்து வந்து நீட்டினார்.

பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டார். என்ன நினைத்தாரோ, அதை விட்டுவிட்டு அடுத்ததை எடுத்தார்.

சாமியாவது பூவாவது என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வந்த ரஞ்சனி, "அம்மா, தாயே!" என்று கும்பிட்டாள். வேலை போய்விடுமே என்ற பயம் அப்படி.

பூசாரி பிரித்தார். உள்ளே நந்தியாவட்டை, வெள்ளை வெளேரென்று.

பெரியப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அவளே சொல்லிட்டா. தடுக்க நான் யாரு?"

திருநீற்றை எடுத்து ரஞ்சனி நெற்றியில் பூசினார். "நம்ம குடும்பத்துல இஞ்சினைக் கழட்டி மாட்டத்தான் ஆள் இருந்துச்சு. ஓட்ட நீதான் மொத ஆளு. சிக்னலை விட்டுக் கண்ணை எடுத்துராத" என்றார்.

எல்லோரும் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில், வேணி மற்றப் பொட்டலத்தைச் சட்டென்று எடுத்து இடுப்பில் செருகினாள். ரஞ்சனி அதைப் பார்த்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும், "அதை எடும்மா" என்றாள்.

வேணி எடுத்துக் கொடுத்தாள். பிரித்தால், அதிலும் நந்தியாவட்டை.

ரஞ்சனி விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா! பெரிய கேடிம்மா நீ!"

"மெதுவா பேசுடீ. மல்லி வச்சா வாசனையே காட்டிக் கொடுத்துரும். உங்க பெரியப்பா மூக்கு லேசுப்பட்டதில்ல."

"அப்ப சாமி பேசுது பேசுதுன்னு இத்தனை வருஷமா சொன்னதெல்லாம் இந்த லட்சணம்தானா?"

வேணியின் முகம் சிவந்துவிட்டது. "சீ! அவகிட்ட நான் ஒரு நாளும் விளையாடினதில்ல. இதுக்கும் ஆர்டர் வந்த அன்னிக்கே தனியாப் போய் முறையாத்தான் கேட்டேன்."

"அப்படிச் சொல்லு. வெள்ளை வந்துச்சாக்கும். அந்தத் தைரியம்தானா?"

வேணி மகளுடைய புதுச் சட்டையை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

"சிவப்பு" என்றாள்.

ரஞ்சனியின் சிரிப்பு நின்றுவிட்டது. அம்மன் சொல்லை ஒரு தடவைகூடத் தாண்டாதவள் அம்மா.

"உனக்குப் பயமா இல்லையாம்மா?"

"பயம்தான். நேத்து வரைக்கும் சரியாத் தூங்கலை. அதுக்காக உன்னை வீட்டுல பூட்டி வச்சுக்கவா? என் புள்ள ரயில் ஓட்டப் போறான்னு தெரு முழுக்கச் சொல்ல வேணாமா நான்?"

"சிவப்புன்னு சொன்னாளே... அவகிட்ட என்னதான் சொல்லிட்டு வந்த?"

வேணி சட்டையை உதறி, நிமிர்ந்து நின்றாள்.

"என்ன சொல்றது? 'நான் பெத்தவ ஓட்டத்தான் போறா. உனக்கு அவ்வளவு கவலையா இருந்தா நீயும் இஞ்சின்ல ஏறி அவ பக்கத்துல நின்னுக்க'ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்!"