வாசலோரத்து பீம்

“கிழிஞ்ச டவுசருக்கு ஒட்டுப் போடுறவன் மாதிரில்ல இருக்கே! இறங்குடா கீழே!” கத்தினார் கான்ட்ராக்டர் கபம்ப்வே.

ஏணி உச்சியில் இருந்த வெல்டர் சிஷிம்பா முகமூடியைத் தூக்கினான்.

ஆப்பிரிக்காவின் கிட்வே நகரில் எழும்பும் புதுத் தேவாலயம் அது. மாடியைத் தாங்க ஆறு இரும்பு பீம்கள். ஏசி குழாய் நுழைவதற்காக ஒவ்வொன்றின் வயிற்றிலும் சதுரமாக ஓர் ஓட்டை.

“பாஸ், வயித்துல பாதிக்கு மேல வெட்டியாச்சு. ஓட்டைக்கு மேலயும் கீழயும் பிளேட் வச்சுப் பத்தவைக்கலைன்னா, மாடியில கூட்டம் ஏறினா வளைஞ்சிடும். வாசலோரத்து பீமை முடிச்சிட்டேன். இன்னும் அஞ்சுதான்.”

“அந்த அஞ்சும் வேணாம். நாளைக்கு சீலிங் அடைக்கிறாங்க. எவன் எட்டிப் பார்க்கப் போறான்? தின்ன ந்ஷீமாக் களி எல்லாம் உனக்குப் பயமாத்தான் செரிக்குது போல!”

மேஸ்திரிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சிஷிம்பா நேரே பாஸ்டர் லூபிண்டாவிடம் போய் முறையிட்டான். அவரும் அலுத்துக்கொண்டார்.

“தம்பி, திறப்பு விழாவுக்கு கான்ட்ராக்டர் தன் பெண்டாட்டி பிள்ளைகளையே கூட்டிட்டு வர்றார். ஆபத்துன்னா கூட்டிட்டு வருவாரா? போய் உன் வேலையைப் பாரு.”

திறப்பு விழா. கீழே நிற்க இடமில்லை. இருநூறு பேர் மாடிப்படி ஏறக் காத்திருந்தார்கள்.

“கபம்ப்வே ஐயா, குடும்பத்தோட முன் வரிசைக்கு வாங்க!” மைக்கில் அழைத்தார் பாஸ்டர்.

வாசலோரக் கடைசி வரிசையில், மனைவி, மூன்று பிள்ளைகள் சூழ உட்கார்ந்திருந்த கபம்ப்வே எழுந்து, தலை குனிந்து, ஊர் வழக்கப்படி மெல்லக் கைதட்டி வணங்கினார்.

“வேணாம் பாஸ்டர். ஆண்டவர் வீட்டுல எனக்கு இந்த மூலையே போதும்.”

“அடேயப்பா, என்ன அடக்கம்!” கூட்டம் உருகியது. பெண்கள் குலவையிட்டார்கள்.

சிஷிம்பாவுக்குப் பொறுக்கவில்லை. விறுவிறுவென்று மேடையேறி, பாஸ்டரின் காதில் சொன்னான்.

“அவர் தலைக்கு மேல இருக்கே, அது ஒண்ணுதான் பாஸ்டர் நான் பிளேட் வச்சுப் பத்தவச்ச பீம்.”

பாஸ்டர் சீலிங்கைப் பார்த்தார். கடைசி வரிசையைப் பார்த்தார். மைக்கை இறுகப் பிடித்தார்.

“யாரும் படி ஏறாதீங்க! எல்லாரும் வெளியே மாமரத்தடிக்குப் போங்க, ஆராதனை அங்கதான். கபம்ப்வே ஐயா, நீங்க மட்டும் முன் வரிசைக்கு வாங்க. மேல இருக்கிறது உங்க வேலைதானே?”