நாலு எக்லேர்

வரிசையில் அவனுக்கு முன்னால் மூன்று பேர்.

ஆறு வருடமாக இந்தப் பாண், கேக் கடைக்குப் பின்வாசலால்தான் வந்து போகிறான். குப்பைத் தொட்டிகளைத் தாண்டிப் பதினேழு படி இறங்கினால் நிலத்துக்கடியில் குசினி. அங்கேதான் அவனுடைய பாரிஸ். முன்கதவைத் தள்ளவேண்டுமா இழுக்கவேண்டுமா என்றுகூட இன்றைக்குத்தான் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை. லீவு. ஒழுங்கான மனிசன் என்றால் நித்திரை கொண்டிருப்பான்.

கண்ணாடிக்குள் எலுமிச்சைத் தார்ட்டுகள் மஞ்சளாக அடுக்கியிருந்தன. அந்த எலுமிச்சைகளை நேற்றுப் பிழிந்தவன் அவன். நகக்கண்ணில் இன்னும் எரிவு.

மேலே இவ்வளவு வெளிச்சம் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை.

ஜாக்கெட் பைக்குள் ஒரு தாள். சட்டத்தரணி அடித்துக் கொடுத்தது. நகுலேஸ்வரன் என்ற பெயரில் ஆறு வருடம் என்னிடம் வேலை செய்தவர் உண்மையில் இவர்தான் என்று கடை முதலாளி அதில் ஒப்பம் வைக்கவேண்டும்.

வைத்தால் விசா.

வைக்காவிட்டால் இருக்கிற வேலையும் போச்சு.

நகுலேஸ்வரன் அவனுக்கு மச்சான் முறை. வேலைக்குச் சேரக் காட்டிய விசா காட் மச்சானுடையது. காட்டில் இருக்கிற படத்தில் மச்சானுக்கு மீசை. அதற்காக இவனும் ஆறு வருடம் மீசை வளர்த்தான். வீண் வேலை. கடை முதலாளி மதாம் ஒடில் அந்தப் படத்தை ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை. எங்கள் முகமெல்லாம் அவர்களுக்கு ஒன்றுதானே.

"வெறுங்கையோட போய் நிக்காதை," என்று காலையில் மச்சான் தொலைபேசியில் சொல்லியிருந்தான். "ஏதும் வாங்கிக் குடு. பேந்து பேப்பரை நீட்டு."

எதை வாங்குவது? களைத்த மண்டைக்கு ஒன்றும் ஓடவில்லை. அதற்குள் முறை வந்துவிட்டது.

"நகுல்! இன்றைக்கு உனக்கு லீவு அல்லவா?"

நாலு எக்லேர் என்றான்.

மதாம் சிரித்தாள். பெட்டியில் அடுக்கி நாடா கட்டினாள். காசு வேண்டாம் என்றாள். அவன் விடாப்பிடியாகக் கொடுத்தான். கொடுத்துவிட்டுப் பெட்டியை அவள் பக்கமே தள்ளினான்.

உங்களுக்கு என்றான்.

அவளுக்கு விளங்கவில்லை. அவளுடைய கடையில், அவன் செய்த எக்லேரை, அவனே வாங்கி, அவளுக்கே கொடுக்கிறான். இவனுக்கென்ன விசரா என்பதுபோலப் பார்த்தாள்.

அட கடவுளே. மூலைக்கடையில் ஒரு பூங்கொத்து வாங்கியிருக்கலாமே.

வெட்கம் பிடுங்கித் தின்றது. வெட்கத்தோடு வெட்கமாகத் தாளையும் நீட்டினான்.

மதாம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள்.

சொல்வதற்கென்று நிறையப் பாடமாக்கி வைத்திருந்தான். ஊரில் நடந்த சண்டை, இங்கே கூட்டிவந்த ஏஜென்சிக்காரன், அம்மா, எல்லாம் பிரெஞ்சில். வாயைத் திறந்தபோது ஒரு வரிதான் வந்தது.

"மதாம், நான் நகுலேஸ்வரன் இல்லை. என் பெயர் தயாபரன்."

அவளுடைய முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

பின்னால் நாயோடு நின்ற கிழவி பெருமூச்சு விட்டாள்.

"அப்படியென்றால் நான் செய்த கேக்?" என்று மதாம் கேட்டாள்.

ஒவ்வொரு பங்குனியும் காட்டில் இருக்கிற பிறந்த திகதியைப் பார்த்து அவனுக்குக் கேக் செய்கிறவள் அவள். கடையில் உள்ள எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்திப் பாடவும் வைப்பாள். அவனும் ஆறு தரம் ஊதி அணைத்திருக்கிறான்.

அது மச்சானுடைய பிறந்தநாள் என்று தரையைப் பார்த்துச் சொன்னான்.

பேனையை எடுத்தாள். வைத்தாள். திரும்பவும் தாளை முதலிலிருந்து வாசித்தாள்.

கண்ணாடிப் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். பயமா, களைப்பா, இரண்டையும் பிரிக்க முடியவில்லை. திட்டினாலும் காரியமில்லை, இருக்க ஒரு கதிரை தந்தால் போதும் என்றிருந்தது.

ஒப்பம் வைத்தாள்.

கடை முத்திரையை ஓங்கிக் குத்தினாள். கோபத்தையெல்லாம் முத்திரையில் காட்டினாள் என்றுதான் சொல்லவேண்டும்.

பிறகு அவனுடைய பெயரை எப்படிச் சொல்வது என்று கேட்டாள். சொல்லிக் கொடுத்தான். இரண்டு தரம் நாக்கு இடறியது. மூன்றாம் தரம் சுத்தமாக வந்தது.

"நாளைக்கு வழக்கம்போல வா," என்றாள்.

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு தெருவுக்கு வந்தான். சந்தோஷம் வரும் என்று கொஞ்சத் தூரம் பார்த்தான். வரவில்லை. மெட்ரோவில் இருக்க இடம் கிடைக்குமா என்பதுதான் யோசனையாக இருந்தது.

திகதி இல்லாத தாளை இந்த ஊரில் ஒரு அரசாங்கக் கந்தோரும் கையால் தொடாது. மதாம் திகதி போட மறந்துபோனாள். அடுத்த ஆளுக்குப் பாண் சுற்றும்போதுதான் அது அவளுக்கு ஞாபகம் வந்தது. பேனையோடு வாசலுக்கு ஓடி வந்தாள்.

"தயாபரன்!"

அவன் நடந்துகொண்டிருந்தான்.

"தயாபரன்!"

நன்றாகவே கேட்டது. யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தான். தொண்டை கிழியக் கத்துகிறார்கள், அந்த ஆள் திரும்பிப் பார்த்தால் என்ன குறைந்துவிடும் என்று அவனுக்கு எரிச்சல்கூட வந்தது.

தெருமுனை வந்துவிட்டது.

"நகுல்!"

உடனே திரும்பினான்.