தப்புத் தப்பாய் ஓர் அரண்மனை

"இந்த வாசல் ஏன் இவ்வளவு தாழ்வா இருக்குன்னா, அரண்மனையைக் கட்டின ராஜா ரொம்பக் குள்ளம்!"

சீருடை போட்ட வழிகாட்டிப் பெண் சொல்லிவிட்டு, கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். மொத்தம் எட்டுப் பேர். கடைசியில் நின்ற தொப்பிக்காரப் பெரியவர் தடியைத் தரையில் தட்டினார்.

"யாரும்மா சொன்னது உனக்கு? ராஜா ஆறடி உயரம். வாசலைத் தாழ்வா வச்சது எதிரிக்காக. வாளைத் தூக்கிட்டு ஓடி வர்றவன் இங்க குனிஞ்சுதானே ஆகணும்? குனிஞ்ச கழுத்து காவல்காரனுக்கு எவ்வளவு வசதி!"

எல்லோரும் சிரித்தபடி கழுத்தைத் தடவிக்கொண்டு குனிந்து நுழைந்தார்கள். கூட்டத்தில் இருந்த ஒரு புரூஃப் ரீடர் மட்டும் சிரிக்கவில்லை. இருபத்தாறு வருடமாக அச்சகத்தில் பிழை பார்க்கிறவர். கல்யாணப் பத்திரிகையைக் கையில் கொடுத்தால்கூட, மாப்பிள்ளை யார் என்று பார்க்கும் முன்பு ஒற்றுப் பிழையைத்தான் பார்ப்பார்.

"டிக்கெட் வாங்கிட்டு வந்தா இந்த லட்சணம்!" என்று மனைவியிடம் முணுமுணுத்தார்.

"சும்மா வாங்க. பெரியவர் சொன்னது எவ்வளவு நல்லா இருந்துச்சு!"

தர்பார் மண்டபத்தின் கறுப்புத் தரையில் அவர்கள் முகம் தெரிந்தது.

"இது வெளிநாட்டுக் கண்ணாடி. கப்பல்ல வந்தது" என்றாள் வழிகாட்டி.

"கண்ணாடியா! நூறு யானை நடந்த மாதிரி ஜனம் நடந்த இடம், கண்ணாடின்னா தாங்குமா?" பெரியவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "சுண்ணாம்பு, கரி, முட்டையோட வெள்ளைக் கரு. கலந்து பூசிட்டு, கூழாங்கல்லால மாசக்கணக்குல தேய்ச்சாங்க. செருப்பைக் கழட்டிட்டு நடந்து பாருங்க, புரியும்."

புரூஃப் ரீடரே செருப்பைக் கழற்றினார். உள்ளங்கால் குளிர்ந்தது. பெரியவரை மரியாதையோடு பார்த்தார். "ஐயா, நல்லவேளை நீங்க வந்தீங்க. இல்லேன்னா கப்பல் கதையை நம்பிட்டு வீட்டுக்குப் போயிருப்போம்."

மேலே மரச் சல்லடை வைத்த சின்ன ஜன்னல்கள். "இது காத்து வர்றதுக்கு" என்றாள் வழிகாட்டி. சொல்லிவிட்டு, அவசரமே இல்லாமல் நின்றாள்.

"காத்துக்கு வேற ஜன்னல் இருக்கு. அங்க ராணி உட்கார்ந்து வழக்கு கேப்பாங்க. தீர்ப்பு பிடிக்கலேன்னா வளையலைத் தட்டுவாங்க. உடனே ராஜா, 'நாளைக்குப் பார்க்கலாம்'னு சபையைக் கலைச்சிடுவார்."

"அப்ப, மறுநாள் தீர்ப்பு யாரோடது ஐயா?" என்று கேட்டார் புரூஃப் ரீடர்.

"உங்க வீட்டுல யாரோடதோ, அவங்களோடதுதான்!"

மனைவி வாய் விட்டுச் சிரித்தாள். பெரியவரும் தோள் குலுங்கச் சிரித்தார். வழிகாட்டிப் பெண் சட்டென்று முகத்தைத் திருப்பி, தூணில் இல்லாத தூசியைத் துடைத்தாள்.

சுற்று முடிவதற்குள் பதினோரு தப்பு. புரூஃப் ரீடர் எண்ணி வைத்திருந்தார். வெளியே வந்ததும் நேரே டிக்கெட் கவுன்டருக்குப் போனார்.

"புகார்ப் புத்தகம் கொடுங்க."

"பாவம்ங்க, பிழைப்பு போயிடும்" என்றாள் மனைவி.

"தெரியாத வேலைக்கு வரலாமா? நான் பதினோரு தப்பு விட்டா முதலாளி சும்மா விடுவாரா?"

இரண்டு வரி எழுதியிருப்பார். தோளில் ஒரு கை விழுந்தது. பெரியவர்.

"எழுதாதீங்க தம்பி. யார் பெத்த பொண்ணோ. விவரம் பத்தல, ஆனா கேட்டுக்கிற குணம் இருக்கு. அவ்வளவு பேர் முன்னால திருத்தறேன், ஒரு தடவை முகம் சுளிச்சாளா பாருங்க."

"உங்களுக்குப் பெரிய மனசு ஐயா. இன்னிக்கு நாங்க அரண்மனை பார்த்ததே உங்களாலதான்." புரூஃப் ரீடர் கை கூப்பினார். பெரியவர் திருப்தியோடு தலையசைத்துவிட்டு, மரத்தடி பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தார்.

சற்றுத் தள்ளி நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்த வழிகாட்டிப் பெண் கையில் தண்ணீர் பாட்டிலோடு வந்தாள். திறந்திருந்த புத்தகத்தைப் பார்த்தாள். பதறவில்லை.

"தாராளமா எழுதுங்க சார். எழுதினது அத்தனையும் உண்மை. ஆனா, நான் உங்களுக்கு நன்றி சொல்லத்தான் வந்தேன்."

"நன்றியா? எதுக்கும்மா?"

"ராணி விஷயத்துல ஒரு கேள்வி கேட்டீங்களே, அதுக்கு. அதோ, பெஞ்சுல இருக்கறாரே, அவர் சிரிச்சுப் பார்த்து ரெண்டு வருஷம் ஆச்சு."

புரூஃப் ரீடர் திரும்பிப் பெஞ்சைப் பார்த்தார்.

"முப்பது வருஷம் இங்க வழிகாட்டியா இருந்தவர் சார் அவர். இப்ப மறதி நோய். வீடு, வாசல், மனுஷங்க, எல்லாம் மறந்து போச்சு. நாள் பூரா ஒரு வார்த்தை பேச மாட்டார். இந்த அரண்மனையைப் பத்தி யாராவது தப்பாச் சொன்னா மட்டும் வாயைத் திறக்கறார். அதனால அவர் வர்ற அன்னிக்கு மட்டும் தப்பாச் சொல்ல, மேலதிகாரிகிட்ட அனுமதி வாங்கியிருக்கேன்."

மனைவியின் கண் கலங்கியது. புரூஃப் ரீடர் தான் எழுதிய இரண்டு வரியையும் மெதுவாக அடித்தார்.

"கூட வேலை பார்த்தவருக்காக இவ்வளவு செய்யறியே, நீ நல்லா இருக்கணும்மா."

அவள் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்தபடி பெஞ்சைப் பார்த்தாள்.

"யார் பெத்த பொண்ணோன்னு உங்ககிட்ட சொன்னாரே சார்... அவர் பெத்த பொண்ணுதான்."